கைப்பேசியிலிருந்து காகிதத்துக்கு

காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெரு என்று ஒரு தெரு உண்டு. பழம்பொருள் கடைகளுக்குப் பெயர் பெற்றது. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியேறிய மரத்தூண்கள், கதவு நிலைகள், எனாமல் பாத்திரங்கள், பீங்கான் சாடிகள் எல்லாம் அங்கே விலைக்குக் கிடைக்கும். அவற்றின் நடுவே, சட்டமிட்ட பழைய நிழற்படங்களையும் காணலாம். தலைப்பாகையும் கோட்டும் அணிந்த ஒருவர். கழுத்து நிறைய நகையுடன் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் ஓர் அம்மையார். யார் இவர்கள்? கடைக்காரருக்குத் தெரியாது. படத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்புறத்தில் பெரும்பாலும் பெயர் இராது. யாரோ ஒருவருடைய பாட்டனார், இன்று பெயரில்லாத சரக்கு.

அந்தத் தெருவில் பார்த்த முகங்கள் நினைவில் இருந்தபடியால்தான், சென்ற கோடை விடுமுறையில் நண்பர் ஒருவரின் வீட்டில் நடந்த ஒரு சிறு செய்தி என் கவனத்தைக் கவர்ந்தது. காரைக்குடியை அடுத்த ஓர் ஊர். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. வளவில், சுவரும் கூரையும் சேரும் இடத்தில், முன்புறம் சற்றே சாய்ந்தாற்போல வரிசையாகப் படங்கள். அவற்றுள் ஒன்று நண்பருடைய தந்தையாரின் தந்தை. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தவர். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ரங்கூனில் எடுத்த படம். உலகத்தில் இருப்பது அந்த ஒரே பிரதிதான். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இன்னும் அப்பாலும் இருக்கிறார்கள். ஆளுக்கொரு பிரதி வேண்டும் என்பது பெரியவரின் விருப்பம்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரன் அந்த வேலையை ஏற்றுக்கொண்டான். தரையில் நின்றபடியே கைப்பேசியால் படத்தைப் படம் பிடித்தான். வாட்ஸ்அப்பில் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினான். கடைக்குச் சென்று ஏ4 அளவில் அச்சிட்டு வாங்கி வந்தான். பெரியவர் அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்தும் பார்த்தார்.

"இது எங்க அப்பச்சி மாதிரி இல்லையேப்பா. யாரோ மாதிரி இருக்கு" என்றார். அப்பச்சி என்றால் செட்டிநாட்டில் தந்தை.

பேரன் முகம் வாடிப்போயிற்று. அந்த வீட்டிலேயே ஓர் அச்சுப்பொறி இருந்தது. நாம் பிரிண்டர் என்று சொல்லும் அதே கருவிதான். கணிப்பொறி பழுதாகிவிட்டதால் அதன் மேல் ஒரு துண்டு போர்த்தப்பட்டிருந்தது. "இதிலேயே அச்சிடலாமே" என்றேன். "கம்ப்யூட்டர் இல்லையே, ஐயா!" என்றான். கைப்பேசியிலிருந்து நேராகவே அச்சிடலாம் என்றபோது அவன் நம்பவில்லை. உங்களுள் சிலருக்கும் அந்த ஐயம் இருக்கலாம். கம்பியும் இல்லை, கணிப்பொறியும் இல்லை, பின் எப்படி?

வளவில் ஒரு குரல்

அந்த வீட்டின் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். முகப்பில் நின்று, "உள்ளே யார் இருக்கிறது?" என்று ஒரு குரல் கொடுத்தால் வளவில் இருப்பவருக்கும் கேட்கும், இரண்டாங்கட்டில் இருப்பவருக்கும் கேட்கும். அழைக்கப்பட்டவர் மட்டும் பதில் சொல்வார். மற்றவர்கள் தம் வேலையைப் பார்ப்பார்கள். கைப்பேசி செய்வதும் இதுவே.

வைஃபை வலையில் சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. ஆனால் 224.0.0.251 என்ற முகவரி மட்டும் எந்தக் கருவிக்கும் சொந்தமன்று. அது பொதுக்குரலுக்கென ஒதுக்கப்பட்டது. நீங்கள் கைப்பேசியில் 'பிரிண்ட்' என்பதைத் தொட்டதும், "இங்கே அச்சிடும் வேலை செய்பவர் யாரேனும் உண்டா?" என்ற கேள்வி அந்த முகவரிக்குப் போகிறது. தொலைக்காட்சியும் மற்றக் கைப்பேசிகளும் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கின்றன. அச்சுப்பொறி மட்டும் தன் பெயரையும் தன் எண் முகவரியையும் சொல்லி விடை அளிக்கிறது. திரையில் அதன் பெயர் தோன்றுவது அப்போதுதான்.

குரல் அடுத்த வீட்டுக்குப் போவதில்லை அல்லவா? அதைப்போல இந்தக் கேள்வியும் ஒரு வலையைத் தாண்டுவதில்லை. அச்சுப்பொறி வீட்டு வைஃபையிலும், கைப்பேசி சிம் அட்டையின் இணையத்திலும் இருந்தால் ஒன்றை ஒன்று காணவே காணா. "பிரிண்டர் கிடைக்கவில்லை" என்று கைப்பேசி கைவிரித்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பல அச்சுப்பொறிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டு வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தால் அவை அதில் சேரவே முடியாது.

வைஃபையே இல்லாத வீடாக இருந்தால்? அதற்கும் வழி உண்டு. இப்போது வரும் அச்சுப்பொறிகள் பலவற்றில் வைஃபை டைரக்ட் என்ற ஏற்பாடு இருக்கிறது. அச்சுப்பொறியே ஒரு சிறு வலையை உண்டாக்கும். கைப்பேசி நேராக அதில் சேர்ந்துகொள்ளும். நண்பர் வீட்டில் நாங்கள் செய்தது அதுதான்.

கண்டுபிடித்தாயிற்று. இனி இரண்டும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனத்தின் அச்சுப்பொறிக்கும் ஒவ்வொரு மொழி இருந்தது. அதற்கான துபாஷியாக, டிரைவர் என்னும் நிரலைக் குறுந்தகட்டிலிருந்து கணிப்பொறியில் ஏற்ற வேண்டும். அச்சுப்பொறியை மாற்றினால் துபாஷியையும் மாற்ற வேண்டும். கைப்பேசியில் இத்தனை துபாஷிகளையும் வைத்துக் காப்பாற்ற முடியுமா? ஆகவே பொது மொழி தேவையாயிற்று. ஐ.பி.பி. எனப்படும் இணைய அச்சு நெறிமுறை 1999இலேயே வெளிவந்துவிட்டது. ஆனால் அது கைப்பேசிக்கு வந்து சேரப் பதினொரு ஆண்டுகள் ஆயின. 2010 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஏர்பிரிண்ட் என்ற பெயரில் அதைத் தன் கருவிகளில் சேர்த்தது. 2013இல் கேனன், எச்.பி., சாம்சங், ஜெராக்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்கள் மோப்ரியா என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. அதே ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 4.4இல் அச்சிடும் வசதி கைப்பேசியின் உள்ளேயே இடம் பெற்றது.

இடையில் வேறொரு வழியும் இருந்தது. கூகிள் நிறுவனம் நடத்திய கிளவுட் பிரிண்ட்டில், கோப்பு கைப்பேசியிலிருந்து எங்கோ இருக்கும் கூகிளின் கணிப்பொறிக்குப் போய், அங்கிருந்து அதே அறையில் இருக்கும் அச்சுப்பொறிக்குத் திரும்பி வரும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குச் சென்னை வழியாகப் போவதைப் போன்றது. 2020 டிசம்பருடன் அதை நிறுத்திவிட்டார்கள்.

பொது மொழியில் கைப்பேசி அடுத்து என்ன கேட்கிறது தெரியுமா? "ஏ4 தாள் உண்டா? வண்ணம் உண்டா? இருபுறமும் அச்சிடுவாயா? எந்த வடிவில் பக்கத்தைத் தந்தால் உனக்குப் புரியும்?" அச்சுப்பொறி தரும் விடைகளுக்கு ஏற்பத்தான் உங்கள் திரையில் தாளின் அளவு, வண்ணம், பிரதிகளின் எண்ணிக்கை ஆகியவை காட்டப்படுகின்றன.

எழுத்தும் ஒரு படமே

இனித்தான் கைப்பேசியின் பெரிய வேலை. பக்கத்தைப் புள்ளிகளாக மாற்ற வேண்டும்.

'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். தாளில் மூன்று பகுதிகள்: ஒற்றைக் கொம்பு, ககரம், கால். ஆனால் கைப்பேசியின் நினைவகத்தில் இருப்பவை இரண்டே குறிகள்தாம். முதலில் 'க', அதன்பின் ஒகரக் குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை ககரத்தின் முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும் என்ற இலக்கணம் தெரிந்தவரே தமிழை அச்சிட முடியும். பழைய அச்சுப்பொறிகள் பலவற்றின் உள்ளே ரோமன் எழுத்துகள் மட்டுமே பொதிந்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு இந்த இலக்கணம் எப்படித் தெரியும்? இப்போது அச்சுப்பொறிக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கைப்பேசி, தன்னிடமுள்ள எழுத்துருவைக் கொண்டு முழுப் பக்கத்தையும் வரைந்து, படமாகவோ எழுத்துருவைத் தன்னுள் கொண்ட பி.டி.எஃப். கோப்பாகவோ அனுப்பிவிடுகிறது. அச்சுப்பொறிக்குத் திருக்குறளும் ஒன்றுதான், தென்னைமரப் படமும் ஒன்றுதான்.

ஜெராக்ஸ் கடைகளில் சில கோப்புகள் ஏன் கோளாறு செய்கின்றன என்பதும் இதிலிருந்து விளங்கும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். உங்கள் கட்டுரையை வேறிடத்தில் அச்சிட வேண்டுமானால் பி.டி.எஃப். ஆக மாற்றி எடுத்துச் செல்லுங்கள். எழுத்துரு கோப்புடனேயே போகும்.

ஒரு பக்கத்தில் எத்தனை புள்ளிகள்? ஏ4 தாள் 8.27 அங்குல அகலமும் 11.69 அங்குல நீளமும் உடையது. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கணக்கிட்டால் 2,480க்கு 3,508. பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 87 இலட்சம். ஒவ்வொரு புள்ளியின் வண்ணத்தையும் குறிக்க 3 பைட்டுகள் என்றால் ஒரு பக்கத்துக்கு 2 கோடியே 60 இலட்சம் பைட்டுகள்! இவ்வளவையும் அப்படியே அனுப்புவதில்லை. ஒரு கடிதத்தில் பெரும்பகுதி வெற்றுத்தாள்தானே? "வெள்ளை, வெள்ளை, வெள்ளை" என்று ஆயிரம் முறை சொல்வதற்குப் பதிலாக "வெள்ளை, ஆயிரம் முறை" என்று சுருக்கிச் சொன்னால் போதும். நிழற்படத்தில் அடுத்தடுத்த புள்ளிகள் வேறுபடுவதால் இந்தச் சுருக்கம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. கடிதம் சட்டென்று வருவதற்கும் படம் காக்க வைப்பதற்கும் இது ஒரு காரணம்.

அப்பச்சியின் முகம் எங்கே போயிற்று?

பேரன் கொண்டுவந்த முதல் பிரதிக்கு வருவோம். அவன் கைப்பேசியின் கேமரா 4,000க்கு 3,000, அதாவது 1 கோடியே 20 இலட்சம் படப்புள்ளிகளைப் பதிவு செய்வது. குறைவில்லை. பின் ஏன் முகம் மங்கியது?

முதலாவது, படம் உயரத்தில் இருந்தது, அவன் தரையில் நின்றான். சட்டம் கைப்பேசியின் காட்சியில் பாதி நீளத்தையே நிரப்பியது. மீதி சுவரும் உத்தரமும். இரண்டாவது, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது வேகத்துக்காக அதன் நீளப்பக்கத்தைப் பெரும்பாலும் 1,600 புள்ளி அளவுக்குக் குறைத்துவிடுகிறார்கள். 1 கோடியே 20 இலட்சம் ஏறத்தாழ 19 இலட்சமாகிவிடும். மூன்றாவது, கடையில் சட்டத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். ஆக, படத்தின் நீளத்துக்கு மிஞ்சியது 800 புள்ளி. அதை 11.7 அங்குலத் தாளில் பரப்பினால் அங்குலத்துக்கு 68. கடைக்காரர் மேலும் குற்றமில்லை, அச்சுப்பொறி மேலும் குற்றமில்லை. கண்ணும் மூக்கும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன.

அங்குலத்துக்கு எத்தனை புள்ளி இருந்தால் போதும்? இதைக் கண்தான் தீர்மானிக்கிறது. நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோண இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறியும். 30 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்த தாளில் அந்த இடைவெளி 0.087 மில்லிமீட்டர். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். வகுத்தால் ஏறத்தாழ 290 வருகிறது. அச்சுத் தொழிலில் 300 என்ற எண் அடிக்கடி காதில் விழுவது இதனால்தான். சுவரில் மாட்டி 3 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு இதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே கண் ஏமாந்துவிடும். பெரிய சுவரொட்டியின் அருகில் போய்ப் பாருங்கள், புள்ளிகள் தனித்தனியே தெரியும். ஆனால் பெரியவர் தம் தந்தையின் படத்தை மூன்று மீட்டர் தள்ளியா பார்ப்பார்?

ஆகவே, வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்ற வழியில் கோப்பாக அனுப்ப வேண்டும். அப்போது புள்ளி ஒன்றும் குறையாது. கைப்பேசியிலிருந்து நேராக அச்சிட்டால் இந்தக் கவலையே இல்லை. மூலப் படமே அச்சுக்குப் போகிறது. வேறொரு நன்மையும் உண்டு. ஆதார் அட்டை, மதிப்பெண் பட்டியல், தேர்வு நுழைவுச்சீட்டு என்று கடைக்கு அனுப்பும் கோப்புகள், அச்சிட்ட பிறகும் அங்குள்ள கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் கிடக்கும். அடுத்த முறை கடையில் அச்சிட்ட பின், "அண்ணே, அந்தக் கோப்பை அழிச்சிடுங்க" என்று கேட்டு நின்று பார்த்துவிட்டு வாருங்கள். தவறாக நினைக்க மாட்டார்கள்.

வெள்ளியால் ஆன படம்

மறுநாள் காலை ஏணி போட்டுப் படத்தை இறக்கினோம். கண்ணாடியின் மேல் இருந்த தூசியைத் துடைத்ததும் பேரன் கேட்டான்: "கறுப்பு ஏன் ஓரத்தில் மட்டும் பழுப்பாக இருக்கிறது?"

நல்ல கேள்வி. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது மையன்று, உலோகம். வெள்ளி புரோமைடு போன்ற உப்புகளை ஜெலட்டினில் கலந்து தாளில் பூசியிருப்பார்கள். ஒளி பட்ட இடத்தில் அந்த உப்பு, கழுவும் இரசாயனத்தில் இட்டதும் நுண்ணிய வெள்ளித் துகள்களாக மாறும். துகள் நெருக்கமான இடம் கறுப்பு, அடர்த்தி குறைந்த இடம் சாம்பல். வெள்ளிக் கிண்ணம் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வினை இங்கேயும் நடக்கிறது. நுண்துகள்கள் வெள்ளி சல்பைடு ஆகும்போது கறுப்பு, பழுப்பும் மஞ்சளுமாக வெளுக்கிறது. சட்டத்தின் இடுக்கு வழியாகக் காற்றும் ஈரமும் நுழையும் ஓரத்தில்தான் அது முதலில் தொடங்கும்.

உலோகம் இப்படி அரிக்கப்படுவதை ஆராயவே காரைக்குடியில் ஓர் இடம் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுத் துறைகளுள் உலோக அரிமானமும் ஒன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பாலமும் குழாயும் துருப்பிடிப்பதும் பாட்டையாவின் படம் பழுப்பதும் அடிப்படையில் ஒரே வகை வேதிவினை என்று சொன்னபோது பேரன் சிரித்துவிட்டான்.

சட்டத்தைக் கழற்ற அவன் துடித்தான். நான் தடுத்தேன். பல ஆண்டு ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால், உரிக்கும்போது முகமே கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியுடனே படம் பிடிப்பதுதான் பாதுகாப்பு. பிளாஷ் கூடாது, அது கண்ணாடியில் தெறித்து வெள்ளைப் பொட்டாக விழும். வளவின் நடுவே திறந்த வானத்தின் வெளிச்சம், ஆனால் நேர்வெயில் இல்லை. படத்தைத் தரையில் படுக்க வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழும்படி நகர்த்தினோம். கைப்பேசியைப் படத்துக்கு இணையாக மேலே பிடிக்க வேண்டும். சாய்த்தால் செவ்வகம் சரிவகம் ஆகி, முகத்தின் வடிவமே மாறிவிடும். பேரனின் முதல் படத்தில் அந்தக் குறையும் இருந்தது. கைப்பேசியின் நிழலும் அவன் முகமும் கண்ணாடியில் தெரியாதபடி ஒரு கறுப்புத் துணியை மேலே விரித்துப் பிடித்தார் அவனுடைய அப்பத்தா. ஓரங்களை வெட்டிய பின் நீளத்தில் 3,600 புள்ளிகள் மிஞ்சின. 11.7ஆல் வகுத்தால் 307!

கண்ணுக்குத் தெரியாத துளிகள்

அச்சுப்பொறியின் மூடியைத் திறந்து பார்த்தால் இடமும் வலமும் ஓடும் ஒரு சிறு தலையைக் காணலாம். அதன் அடிப்பக்கத்தில் மயிரிழையைவிட மெல்லிய நூற்றுக்கணக்கான துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் விழும் மைத்துளியின் அளவு சில பிக்கோலிட்டர். பிக்கோலிட்டர் என்பது ஒரு லிட்டரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு.

இவ்வளவு சிறிய துளியைத் தள்ளுவது எப்படி? 1977இல் ஜப்பானில் கேனன் ஆய்வுக்கூடத்தில், மை நிரப்பிய ஊசியின் மேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டது. ஊசிமுனையிலிருந்து மை பீச்சிட்டது. அதைக் கண்டவர்கள் துணியால் துடைத்துவிட்டுப் போகாமல், ஏன் என்று யோசித்தார்கள். துளையின் பின்னால் ஒரு நுண்ணிய மின்சூடேற்றி. அது மில்லியனில் சில பங்கு வினாடிகளில் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். மை ஆவியாகிக் குமிழி உண்டாகும். குமிழி ஒரு துளியை வெளியே தள்ளும். இட்லிப் பானையின் மூடியை நீராவி தூக்குவதுபோலத்தான். எப்சன் நிறுவனம் வெப்பத்தை நாடவில்லை. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் வடிவம் மாறும் என்பது அடுத்த ஆண்டே உறுதியாயிற்று. அப்படி வளையும் ஒரு தகடு, மருந்துக் குப்பியின் ரப்பரை அழுத்துவதுபோல மையைத் தள்ளுகிறது.

அச்சுப்பொறிப் பெட்டியின் மேல் 4,800, 5,760 என்றெல்லாம் எழுதியிருக்கும். 300 போதும் என்றோமே, இது என்ன? இரண்டும் வேறு. ஒரு படப்புள்ளி எந்தச் சாம்பல் நிறமாகவும் இருக்கலாம். மைத்துளியோ விழும் அல்லது விழாது, அவ்வளவுதான். வெளிர்சாம்பல் வேண்டுமானால் கறுப்புத் துளிகளை அரிதாகத் தூவ வேண்டும். கோலத்தில் புள்ளிகள் நெருங்கினால் அந்த இடம் வெண்மையாகத் தெரிவதில்லையா? ஆகவே ஒரு படப்புள்ளிக்குப் பல மைத்துளிகள் தேவை. பெட்டியின் மேலுள்ள எண் துளிகளைப் பற்றியது.

வண்ணப் படமாக இருந்தால் இன்னொரு சிக்கல். திரை தானே ஒளிர்வது. சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டி வெண்மையைத் தருவது. தாள் ஒளிர்வதில்லை, தன்மேல் விழும் வெள்ளொளியிலிருந்து சில நிறங்களை மை விழுங்கிவிட, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. சிவப்பை விழுங்கும் பசுநீல மை, பச்சையை விழுங்கும் கருஞ்சிவப்பு மை, நீலத்தை விழுங்கும் மஞ்சள் மை, இவற்றோடு கறுப்பு. கூட்டல் ஒன்று, கழித்தல் மற்றொன்று. கைப்பேசியில் பளிச்சென்று இருந்த கண்டாங்கிச் சேலை தாளில் சற்று அடங்கித் தெரிவது அச்சுப்பொறியின் சோம்பேறித்தனம் அன்று.

ஜெராக்ஸ் கடைகளில் இருக்கும் லேசர் பொறிகளில் மைத்துளியே கிடையாது. மின்னூட்டம் பெற்ற உருளையில் ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டம் மாறுகிறது. அந்த வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு கரித்தூள் ஒட்டுகிறது. அதைத் தாளுக்கு மாற்றிச் சூட்டால் உருக்கிப் பதிக்கிறார்கள். இதன் மூலத் தத்துவத்தை 1938 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன், கந்தகம் பூசிய ஒரு துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்துச் செய்து காட்டினார். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டை ஈர்க்கும் உங்கள் வகுப்புச் சோதனைக்கு அது நெருங்கிய உறவு. கடிதத்துக்கும் பட்டியலுக்கும் இம்முறை ஏற்றது. முகத்தின் மென்மையான நிழல்களுக்கு, நல்ல படத்தாளில் மைத்துளி முறையே மேல் என்பது என் கருத்து.

எத்தனை ஆண்டு?

நண்பர் வீட்டு அச்சுப்பொறி முதலில் கோடு கோடாகத்தான் அச்சிட்டது. மாதக்கணக்கில் சும்மா இருந்ததால் துளைகளில் மை உலர்ந்துவிட்டது. இருமுறை 'ஹெட் கிளீனிங்' செய்த பிறகே வழிக்கு வந்தது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் அச்சுப்பொறி வைத்திருப்பவர்கள், வரும்போதெல்லாம் ஒரு வண்ணப் பக்கத்தையாவது அச்சிட்டு வைப்பது நல்லது.

பிறகு ஏழு படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதல் படத்தைப் பெரியவரிடம் கொடுத்தான் பேரன். அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "இடது புருவத்துல தழும்பு தெரியுதா பாரு" என்றார் அப்புறம். தெரிந்தது. முதல் பிரதியில் அந்தத் தழும்பு இல்லை.

"புதுசு வந்திருச்சே. பழசை இறக்கிப் பரண்ல போட்டுறலாமா?" என்று கேட்டார் அப்பத்தா. வேண்டாம் என்று சொன்னேன். காரணம் இது. அச்சுப்பொறி மைகளில் இரு வகை. ஒன்று, நீரில் சர்க்கரைபோலக் கரைந்த சாயம். மற்றொன்று, கரையாமல் மிதக்கும் நிறத்துகள். சாய மையில் மூலக்கூறுகள் தனித்தனியே நிற்பதால் ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் அவற்றை எளிதில் சிதைத்துவிடும். துகளில் மேற்பரப்பு மூலக்கூறுகள் சிதைந்தாலும் உள்ளிருப்பவை தப்பும். வீட்டு அச்சுப்பொறிகள் பலவற்றில் வண்ண மைகள் சாய வகையே. வெயில் விழும் சுவரில் மாட்டினால் சில ஆண்டுகளில் வெளுக்கத் தொடங்கும். ரங்கூன் படம் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஓரத்தில்தான் பழுத்திருக்கிறது. புதியது பழையதைவிட முன்னதாகவே மறைந்து போகக்கூடும். ஆகவே பழையது நிழலில் இருக்கட்டும். மூலக் கோப்பும் ஒரே கைப்பேசியில் மட்டும் இல்லாமல் இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும்.

தாளின் மதிப்பை அறிந்தவர்களுக்கு இப்பகுதியில் பஞ்சமில்லை. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் பழந்தமிழ் நூல்களையும் இதழ்களையும் பிறர் தூக்கி எறியும் துண்டுத்தாள்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்தார். அவர் 1992இல் மறைந்த பின், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அது நாட்டை விட்டுப் போய்விடாமல் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது.

ஏழு படங்களையும் உறையில் இடுவதற்கு முன், பின்புறத்தில் எழுதச் சொன்னேன். பேரன் பந்துமுனைப் பேனாவை எடுத்தான். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் தெரியும், அழுத்தினால் மேடு விழும். படத்தாளின் வழவழப்பான முதுகில் பென்சில் பிடிக்கவில்லை. ஆகவே சாதாரணத் தாளில் பென்சிலால் எழுதிப் படத்துடன் சேர்த்து உறையில் வைத்தோம். பென்சில் எழுத்து வெறும் கரிதான், ஈரத்தில் கரையாது, ஒளியில் வெளுக்காது.

பெரியவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்லப் பேரன் எழுதினான். முழுப் பெயர். ஊர். எந்தக் கோயில் பிரிவு. ரங்கூனில் மொகல் தெருவில் கடை இருந்தது. படம் எடுத்தபோது வயது முப்பத்திரண்டு. தழும்பு சிறு வயதில் ஊருணிப் படியில் விழுந்ததால் ஏற்பட்டது. அந்தக் கடைசிச் செய்தி அதுவரை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஏழு தாளிலும் எழுதி முடிக்க மாலையாகிவிட்டது.